நூற்றிருபது கவடு வாய்க்கால்

நான் ஓய்வு பெற்ற நாளில் நடந்த பிரியாவிடைக் கூட்டத்தில் பேசிய ஒருவர், முப்பத்திரண்டு ஆண்டுச் சேவையில் தாம் ஒப்பமிட்ட கடிதம் ஒன்றையேனும் மீளப்பெறாத நிர்வாகி என்று என்னைப் புகழ்ந்தார். மண்டபம் கைதட்டியது. நான் மாலையோடு அமர்ந்திருந்தேன், மறுக்கவில்லை. பாராட்டுபவரைக் கூட்டத்தில் வைத்துத் திருத்துவது முறையன்று. மேலும், அவர் அறியாத அந்த ஒரு கடிதத்தின் கதை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியதாகவும் இருக்கவில்லை. பதிவேடுகள் பிழையின்றி இருக்கவேண்டுமென்று பிறரை வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய ஒருவன் தன்னைப் பற்றிய பதிவைப் பிழையாக விட்டுவிடக் கூடாது. ஆகையால் அதனை இங்கே திருத்தி வைக்கிறேன்.

வன்னியில் உள்ள ஒரு பல்கலைக்கழகப் பீடத்தில் உதவிப் பதிவாளராக என் சேவையின் கடைசி ஒன்பது ஆண்டுகளைக் கழித்தேன். அரச பல்கலைக்கழகங்களுக்கு ஆளையும் பொருளையும் வைத்து நடத்தத் தெரியாது என்று பேருந்திலும் வங்கி வரிசையிலும் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசியவர்களோடு நான் வாதிட்டதில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டதும் இல்லை. புதிய ஆட்சேர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆண்டுகள் அவை. உயர்கல்விக்கென்று வெளிநாடு போன விரிவுரையாளர் சிலர் திரும்பவில்லை. தட்டச்சுப் பணியாளர் மாறிப் போனார். பதிலுக்கு ஒருவர் வரவில்லை. எரிபொருள் வரிசையில் எங்கள் ஊர்தியும் பல நாட்கள் நின்றது. அந்த ஆண்டுகளிலும் எங்கள் பீடத்தில் ஒரு பரீட்சைகூடப் பிந்தவில்லை. விடைத்தாள்கள் உரிய நாளில் திருத்தப்பட்டன. ஆய்வுகூடத் திறப்புகள் ஒவ்வொன்றும் மாலை நான்கேகாலுக்குப் பலகையில் தத்தம் ஆணியில் தொங்கின. இதனைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

எங்கள் பீடத்துக்கு முரசுமோட்டைப் பக்கத்தில் எட்டு ஏக்கர் ஆய்வுப் பண்ணை இருந்தது. அதுவரை காலபோகத்தில் மழையை நம்பி மட்டுமே விதைத்தோம். இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுக்காகப் பன்னிரண்டு நெல்லினங்களைச் சிறுபோகத்திலும் பயிரிடுவதென்று பீடச் சபை தீர்மானித்தது. சிறுபோகத்தில் மழை இல்லை. குளத்துத் தண்ணீர் வாய்க்காலால் வரவேண்டும். ஆகவே அந்த வாய்க்கால் விவசாயிகளின் கமக்கார அமைப்பில் பல்கலைக்கழகத்தையும் ஓர் அங்கத்தவராகச் சேர்த்தேன். விண்ணப்பத்தை நானே வரைந்தேன்.

மார்ச் மாதக் கடைசியில் அந்த அமைப்பிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் நீலப் பேனையால் எழுதப்பட்டிருந்தது: ‘வாற செவ்வாய், புதன் வாய்க்கால் துப்புரவு. காலமை ஆறரைக்கு. உங்கட பங்கு நூற்றிருபது கவடு. ஆக்கள் வரவேணும்.’

வழக்கம் எதுவென்று பின்னர் அறிந்துகொண்டேன். குளத்தின் மதகு திறக்க முன்னர், வாய்க்காலால் பயனடையும் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்குப் புல்லும் சேறும் அகற்றவேண்டும். ஏக்கருக்குப் பதினைந்து கவடு. அமைப்பின் செயலாளர் கரையில் நடந்து, ஓர் எட்டு ஒரு கவடு என்று அளந்து தடி நடுவார். பங்கைச் செய்தவருக்குத் தண்ணீர் முறை முன்னுக்கு வரும். செய்யாதவர் எத்தனை பெரியவராயினும் கடைசி முறைக்குப் போவார். கடைசி முறையென்றால் இரண்டு வாரம் பிந்தும். அதற்குள் நாற்றுமேடையில் நாற்று முற்றிவிடும்.

அன்று எனக்கு இவை தெரியாது. வந்த தாளுக்குத் திகதி முத்திரை இட்டேன். உள்வரும் கடிதப் பதிவேட்டில் இலக்கம் கொடுத்தேன். ஊழியரை வளாகத்துக்கு வெளியே வேலைக்கு அனுப்புவது கொள்கை சார்ந்த விடயமாகையால் பீடச் சபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தேன். பீடச் சபை அடுத்த மாதத்து இரண்டாம் புதன்கிழமை கூடும். கமக்கார அமைப்புக்கு அன்றே பதிலும் அனுப்பினேன்: ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய சபையின் கவனத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்டுத் தீர்மானம் அறியத்தரப்படும்.’ கடிதத்தில் எழுத்துப் பிழையில்லை. ஐந்து நாளில் செய்யவேண்டிய வேலையை மூன்று வாரம் கழித்துக் கூடும் சபைக்கு அனுப்பியிருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. பீடாதிபதிக்கும் தோன்றவில்லை, பிரதியைப் பார்த்து ஒப்பமிட்டார். அறிவாளிகள் நிறைந்த கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஒருவருக்குத்தான். அவர் எங்கள் பண்ணையில் நாளாந்தச் சம்பளத்தில் வேலை செய்த பெண். மலையகத் தோட்டமொன்றிலிருந்து கைக்குழந்தையாக இங்கே கொண்டுவரப்பட்டவர். வன்னியிலேயே வளர்ந்து திருமணம் செய்து அந்த வாய்க்காலின் கீழ்ப்புறம் குடியிருந்தார். வீட்டில் பேசிய தோட்டத்துத் தமிழ் அவரை விட்டுப் போகவில்லை. ஆறு ஆண்டுகளாகப் பண்ணையில் இருந்தார். பன்னிரண்டு நெல்லினங்களையும் பெயர்ப்பலகை பாராமல் இலையைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் என்று விரிவுரையாளர்கள் வியந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த ஆண்டு, நெடுங்காலத்துக்குப் பிறகு, பண்ணைப் பணியாளருக்கு ஒரேயொரு நிரந்தர வெற்றிடம் அனுமதிக்கப்பட்டிருந்தது. இடைவெளியில்லாத சேவையே முதல் தகைமை. அந்த வரிசையில் அவர் முதலாவதாக நின்றார். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. அடுத்த ஆண்டு வயதெல்லை கடந்துவிடும். இம்முறை தவறினால் அவர் இறுதிவரை நாட்கூலியாகவே இருக்கவேண்டியதுதான். இதனை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

வியாழக்கிழமை வரவுப் பதிவேட்டைப் பார்த்தேன். செவ்வாய்க்கும் புதனுக்கும் நேரே அவருடைய கையொப்பம் இல்லை. விடுமுறை விண்ணப்பமும் இல்லை. அவரை அழைத்து, எதிரே இருந்த கதிரையைக் காட்டினேன். அவர் அமரவில்லை.

“ரெண்டு நாளும் எங்க நிண்டனீங்கள்?”

“வாய்க்கால்லதாங்க சேர்.”

“ஆர் உங்களைப் போகச் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க.”

“அப்ப ஏன் போனனீங்கள்?”

“யாரும் சொல்லலீங்களே. அதனாலதாங்க போனேன்.”

இப்படியொரு பதிலுக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. “என்னட்ட வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொன்னா எழுதித் தரச் சொல்லுவீங்க சேர். எழுதித் தந்தா கூட்டத்துக்குப் போகும். அதுக்குள்ள மதகு தொறந்துடுவாங்களே.”

எனக்குக் கோபம் வந்தது. உண்மை சொல்லப்படும்போது வருகிற கோபம் என்று இப்போது விளங்குகிறது. அன்று அதை ஒழுங்கின் மீதுள்ள அக்கறை என்றே எண்ணினேன். “கதை வேண்டாம். விளக்கத்தை எழுத்தில தாங்கோ,” என்றேன். மேசையின் ஓரத்தில் நின்றபடியே எழுதித் தந்தார். இரண்டே வரி: ‘பண்ணையின் பங்குக்கு வாய்க்காலில் நின்றேன். நிழலில் நிற்கவில்லை.’

மறுநாள் நான் ஒப்பமிட்ட கடிதம் இது: ‘தங்கள் விளக்கம் ஏற்றுக்கொள்ளத்தக்கதன்று. குறித்த இரு தினங்களும் அனுமதியற்ற வரவின்மையாகக் கொள்ளப்படும்.’ அதன் பொருள் சேவையில் இடைவெளி. இடைவெளி விழுந்தால் அவர் வரிசையில் முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு இறங்குவார்.

கடிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “அப்ப அந்த வேல எனக்கு இல்லீங்களா சேர்?”

“விதி அப்பிடி.”

அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். நாற்றுமேடைக்கு வைக்கோல் மூடவேண்டிய நேரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை காலை கமக்கார அமைப்பின் தகரக் கூரை மண்டபத்தில் தண்ணீர் முறை வாசிக்கும் கூட்டம். பண்ணைக்குப் பொறுப்பான விரிவுரையாளர் கொழும்புக்குப் போயிருந்தமையால் நான் சென்றேன். வெள்ளைச் சேட்டும் மடித்த நீளக்காற்சட்டையுமாகப் போன எனக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போட்டார்கள். செயலாளர் அறுபது வயது மதிக்கத்தக்கவர்; குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பத்தின் இரண்டாம் தலைமுறைக் கமக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்துக்கொண்டு போனார்.

“மூண்டாம் முறை, கம்பஸ் பண்ணை.”

நாற்பதுக்கு மேற்பட்ட காணிக்காரருள் மூன்றாம் முறை. என் நிறுவனத்துக்கு உரிய மதிப்பை அளித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து எழுந்தேன். “எங்கட கடிதத்தைக் கவனத்தில எடுத்ததுக்கு நன்றி,” என்றேன்.

மண்டபத்தின் பின்வரிசையில் சிரிப்புத் தொடங்கி முன்னே வந்தது.

“கடிதமோ ஐயா?” என்றார் செயலாளர். “ஓம், வந்தது. வலு வடிவான கடிதம். முத்திரையும் நேராய்க் குத்தியிருந்தது. வாய்க்கால் கரையில வச்சு உரத்து வாசிச்சும் காட்டினனாங்கள். ஒரு சம்புப் புல்லும் அசையேல்லை.”

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: “சபைக்குப் போகுதெண்டு கிடந்துதே ஐயா, சபை என்ன சொன்னதாம்?”

“இன்னும் கூடேல்லை,” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு எழுந்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. யாரோ, “மதகுக்கும் ஒரு கடிதம் போட்டுவிடுங்கோ, சபை கூடுமட்டும் திறக்க வேண்டாமெண்டு,” என்றார். என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் நான் பரிகசிக்கப்பட்டது அன்றுதான்.

செயலாளர் கையை உயர்த்தினார். “சரி, பகிடி காணும். ஐயா, இருங்கோ. உங்கட பங்கைச் செய்தது உங்கட ஆள்தான், அந்தப் பிள்ளை. ஐஞ்சு பொம்பிளையளையும் கூட்டிக்கொண்டு ரெண்டு நாளும் வந்தவா. கம்பஸ் அனுப்பினதோ எண்டு கேட்டனான். ஓம், கம்பஸ்தான் அனுப்பினது எண்டு சொன்னவா.”

நான் கதிரையில் அமர்ந்தேன். என் நிறுவனத்தின் பெயரைக் காப்பவன் நானென்று எண்ணியிருந்தேன். அவரோ இடுப்பளவு சேற்றில் நின்று, எங்களை விட்டுக்கொடாமல் ‘ஓம்’ என்று சொல்லியிருக்கிறார். அந்த ‘ஓம்’ இல்லாதிருந்தால் நாங்கள் நாற்பத்தோராம் முறை.

“அந்த ஐஞ்சு பேரும் ஆர்?” என்று கேட்டேன்.

“அவாவின்ர ஒழுங்கையில பக்கத்து வீட்டுப் பொம்பிளையள். கைமாற்றுக்கு வந்தவையள். ரெண்டு ரெண்டு நாள். அப்ப பத்து நாள், களை எடுக்கேக்க அவா போய்த் திருப்பிச் செய்து குடுக்கவேணும். கிழமை நாளில உங்களிட்ட வேலை. ஞாயிறிலதான் செய்வா போல.”

பல்கலைக்கழகத்தின் நூற்றிருபது கவடுக்காக அவர் தம்முடைய பத்து ஞாயிற்றுக்கிழமைகளை எழுதிக் கொடுத்திருந்தார்.

“இதுக்குப் பதிவு ஏதும் இருக்கோ?” என்றேன். என் குரல் எனக்கே சற்றுத் தாழ்ந்து கேட்டது.

செயலாளர் ஓர் அப்பியாசக் கொப்பியை நீட்டினார். நான் பதிவேடுகளை வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவன். ஒரு பக்கத்தைப் பார்த்தாலே அது உண்மையாக எழுதப்பட்டதா, பின்னர் இட்டு நிரப்பப்பட்டதா என்று சொல்லிவிடுவேன். கோடிட்ட கட்டங்கள். திகதி, காணிக்காரர், வந்தவர், வந்த நேரம், போன நேரம், முடித்த கவடு, கையொப்பம். பிழைத்த இடங்களில் ஒற்றைக் கோட்டால் வெட்டி அருகே சுருக்கொப்பம். ‘கம்பஸ்’ என்ற சொல்லுக்கு நேரே, செவ்வாய் காலை ஆறு இருபது, மாலை ஐந்து, எழுபது கவடு. புதன், ஐம்பது. இரண்டுக்கும் எதிரே, என் பதிவேட்டில் வெறுமையாகக் கிடந்த அதே கையொப்பம். எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு செம்மையான வரவுப் பதிவேட்டை நான் கண்டதில்லை.

“இதின்ர பிரதி ஒண்டு வேணும். நீங்கள் உறுதிப்படுத்தித் தரவேணும்.”

“போனில படம் எடுங்கோ ஐயா, ரெண்டு நொடி வேலை.”

“படம் காணாது. ஒப்பம் வேணும்.”

அங்கேயே இருந்து என் கையால் அந்தப் பக்கம் முழுவதையும் பார்த்தெழுதினேன். செயலாளர் ஒப்பமிட்டார். அமைப்பின் இறப்பர் முத்திரை ஒருவரின் சைக்கிள் பெட்டிக்குள் இருந்து எடுத்துவரப்பட்டது. சற்றுச் சரிவாகத்தான் விழுந்தது. நான் குறை சொல்லவில்லை.

அன்று பகல் வீட்டில், ஊழியர் விதிகள் அடங்கிய தாபனக் கோவையைத் திறந்தேன். நிறுவனத்தின் தேவைக்காக வேறோர் இடத்தில் பணியாற்றியவரின் வரவை அவ்விடத்துக்குப் பொறுப்பானவர் எழுத்தில் உறுதிப்படுத்துமிடத்து, அவர் கடமையில் இருந்ததாகவே கொள்ளலாம் என்ற ஏற்பாட்டைப் பலமுறை பிறருக்கு எடுத்துக்காட்டியவன் நான். வழக்கமாகப் பரீட்சை மேற்பார்வைக்குச் செல்லும் விரிவுரையாளர்களுக்கே அதைப் பயன்படுத்துவோம். மண்வெட்டியோடு செல்பவருக்கு அது பொருந்தாது என்று அதில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டு முறை வாசித்து உறுதிசெய்தேன்.

திங்கட்கிழமை காலை பீடாதிபதியிடம் சென்றேன். அவர் என்னிலும் பதினைந்து வயது இளையவர், கூர்மையான அம்மையார். கொண்டுபோன குறிப்பை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கடிதத்தைத் திருப்பி எடுக்கப் போறீங்களோ? நீங்களோ சேர்?”

“ஓம்.”

“அப்ப இண்டைக்கு மழை பெய்யும்.”

“பெய்யட்டும் மேடம். வாய்க்கால் துப்புரவாய்த்தான் கிடக்கு.”

அம்மையார் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். ஆயினும் அவர் ஒப்பத்தோடு விடயம் முடியாது. வெற்றிடத்துக்கான தெரிவுச் சபை புதன்கிழமை கூடவிருந்தது. அதில் ஒரு மூத்த பேராசிரியரும் இருந்தார். ஒழுங்கு விடயத்தில் என்னையே எப்போதும் மேற்கோள் காட்டுபவர். என் குறிப்பை அவர் மேசையில் வைத்து விரலால் தட்டினார்.

“நாட்சம்பள ஆள் தன்ர பாட்டில முடிவெடுத்துப் போறது, பிறகு நாங்கள் அதைக் கடமையெண்டு எழுதுறது. அப்ப நிர்வாகம் எண்டு ஒண்டு எதுக்கு? இதை நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தனீங்கள்?”

“ஓம், நான்தான்.”

“பிறகு? அவா விதியை மீறேல்லையோ?”

அந்த நேரத்தில் நான் தேர்ந்தெடுக்கக்கூடிய வழிகள் இரண்டு இருந்தன. புதிய சான்று கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லி, என் பெயர் படாமல் கடிதத்தை மாற்றிவிடலாம். எவரும் மேலே கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அப்படிச் செய்தால், விதியை மீறியவருக்குச் சபை இரக்கம் காட்டியது என்றே கோவையில் நிற்கும். இரக்கத்தால் கிடைத்த நியமனத்தை எவரும் எந்நாளும் சுட்டிக்காட்டலாம். ஆறு ஆண்டு உழைத்த ஒருவருக்கு அப்படியொரு வால் ஒட்டிக்கொள்ள நான் விரும்பவில்லை.

“மீறினது நான்,” என்றேன். “அந்தக் குறிப்பில நாள் போட்டுக் கிடந்தது. நாள் போட்டு வந்த வேலையை நாளுக்குப் பிந்திக் கூடுற சபைக்கு அனுப்பினது என்ர பிழை. அவா செய்தது நான் செய்யவேண்டிய வேலை. இதைக் கூட்டக் குறிப்பில இப்பிடியே எழுதவேணும்.”

“எழுதத்தான் வேணுமோ?” என்று பீடாதிபதி மெல்லக் கேட்டார்.

“எழுதவேணும் மேடம்.”

பேராசிரியர் என் குறிப்பை மேசையில் தள்ளி வைத்தார். பிறகு, “அப்ப நாளைக்கு எல்லாரும் வாய்க்காலுக்கெண்டு வெளிக்கிடுவினம்,” என்றார்.

“வெளிக்கிடத்தான் வேணும் பேராசிரியர். அடுத்த சிறுபோகத்துக்கு நீங்களும் வரவேணும். ஆளுக்கு நாலு கவடு வரும்.”

அவர் என்னை முறைத்தார். மேசையின் மறுபுறத்தில் யாரோ இருமினார்கள். பிறகு அவரே பேனையைத் திறந்து தம் பத்திரத்தில் முதலாவது பெயருக்கு நேரே அடையாளம் இட்டார். “நாலு கவடு எண்டால் எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

என் பெயருக்கு எதிராக அந்தப் பீடத்தின் கோவைகளில் இருக்கும் ஒரேயொரு வரி அன்றைய கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அதை நானே சொல்லி எழுதுவித்தேன். என் சேவைக் காலத்தில் நான் வரைந்த வாசகங்களுள் அதனையே சிறந்ததாகக் கருதுகிறேன்.

தண்ணீர் மூன்றாம் முறையில் வந்தது. நாற்று உரிய நாளில் நடப்பட்டது. பல்கலைக்கழகப் பேரவையின் அனுமதிக்கு நியமனம் போயிருந்தது, அது வரும்வரை தெரிவை அவருக்கும் அறிவிக்க விதியில்லை; அந்த இடைவெளியில் களையெடுக்கும் காலம் வந்தது. அந்தப் பத்து நாட்களும் பல்கலைக்கழகத்தின் பெயரில் பெறப்பட்டவையாகையால் பல்கலைக்கழகமே திருப்பவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை எழுதினேன். விரும்புவோர் பெயர் தரலாம் என்றேன். முதற் பெயராக என்னுடையதை எழுதினேன். ஆய்வுகூட உதவியாளர், நூலகர், பேராசிரியர் உட்பட மேலும் ஒன்பது பேர் எழுதினார்கள். ஒரு சனிக்கிழமை நாங்கள் பத்துப் பேரும் அந்த ஒழுங்கைப் பெண்களின் வயல்களில் இறங்கினோம். பேராசிரியர் தொப்பியும் வெயிற் கண்ணாடியும் அணிந்து வந்திருந்தார்.

“ஐயா, அது நெல்லு!” என்று வரப்பிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்துக் கத்தினார். “கோரையைப் பிடுங்குங்கோ, நெல்லை விடுங்கோ!”

“எங்கட பேராசிரியர் கோரையை நட்டுக்கொண்டு வாறார், நீங்கள் அங்க பாருங்கோ,” என்று நூலகர் சொல்ல, வயல் முழுவதும் சிரித்தது. இந்தச் சிரிப்பில் எனக்கு நோகவில்லை. இரண்டாம் வரிசையிலிருந்து நான் கோரையை மட்டுமே பிடுங்கினேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். நாங்கள் பத்துப் பேர் ஒரு பகல் செய்த வேலையைப் பத்து நாளாக ஏற்பதா என்று அந்த ஐந்து பெண்களும் தமக்குள் பேசினார்கள். “ஏழு நாளெண்டு எழுதுவம்,” என்று தீர்ப்பு வந்தது. மிகுதி மூன்று நாளுக்கு அடுத்த சனியும் மூவர் போனோம்.

ஜூன் மாதத்தில் நியமனக் கடிதம் வந்து சேர்ந்தது. விதிப்படி அவரை அலுவலகத்துக்கு அழைத்துக் கொடுத்திருக்கவேண்டும். அன்று பண்ணைக்குத் தண்ணீர் முறை. அவர் வரமாட்டார் என்று தெரியும். கடிதத்தையும் அலுவலகப் பிரதியையும் எடுத்துக்கொண்டு நானே முரசுமோட்டைக்குப் போனேன். வாய்க்கால் தளம்பி ஓடியது. பன்னிரண்டு பாத்திகளிலும் பயிர் முழங்காலளவு நின்றது. மாணவர்கள் அளவுகோலோடு குனிந்திருந்தார்கள். அவர் வாய்மடையில் நின்று மண்வெட்டியால் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார். முறை பார்க்க வந்த செயலாளர் சைக்கிளைப் பிடித்தபடி கரையில் நின்றார்.

“உங்களுக்கொரு கடிதம்,” என்றேன்.

என் கையிலிருந்த உறையைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. முன்னொரு கடிதத்தை என்னிடமிருந்து பெற்றவரல்லவா. “கையெல்லாம் சேறுங்க சேர். நீங்களே வாசிச்சுடுங்க,” என்றார்.

வரப்பில் நிமிர்ந்து நின்று, பட்டமளிப்பு விழாவில் வாசிப்பது போல, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரத்து வாசித்தேன். பண்ணைப் பணியாளர், நிரந்தரப் பதவி, சேவை இடைவெளியின்றிக் கணிக்கப்படும் என்ற இடம் வந்ததும் அவர் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றிக்கொண்டார். மாணவர்கள் அளவுகோலைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

செயலாளர் வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது கடிதம் ஐயா. இதுக்குத் தண்ணி நகருது.”

“ரெண்டு நாளையும் சேர்த்துட்டீங்களா சேர்?” என்று வாய்மடையில் நின்றபடி அவர் கேட்டார்.

“சேர்த்தாச்சு. கடமையில் இருந்தார் எண்டு எழுதியிருக்கு.”

“நெழல்ல நிக்கலைனு எழுதலீங்களா?” என்றார். அப்போதுதான் சிரித்தார். கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தி, சேறு என்று நினைவு வந்து, தோள்பட்டையால் துடைத்தார்.

மறு ஆண்டு துப்புரவுக்கு எங்கள் பீடத்திலிருந்து முப்பத்திரண்டு பேர் சென்றோம். வரவை நான் எழுதினேன். வேலையை அவர் பகிர்ந்தார். பேராசிரியர் தம் நான்கு கவடையும் எவர் உதவியுமின்றி முடித்தார். அந்தப் போகத்தில் எங்களுக்கு முதலாம் முறை கிடைத்தது; இன்றுவரை அது பின்னே போகவில்லை. குறிப்பு இப்போது வட்ஸ்அப்பில் வருகிறது. உதவிப் பதிவாளருக்கு அனுப்புவதில்லை. நேரே அவருக்குத்தான் அனுப்புகிறார்கள்.

அரச பல்கலைக்கழகத்துக்கு ஆளையும் பொருளையும் வைத்து நடத்தத் தெரியாது என்று இனி எவரேனும் பேருந்தில் சொன்னால், முரசுமோட்டையில் இறங்கிப் பார்த்துவிட்டு வரும்படி சொல்வேன்.

நியமனக் கடிதத்தை வாசித்த அன்று, வரப்பில் வைத்து அலுவலகப் பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி அவர் ஒப்பமிட்டார். கையை எவ்வளவு துடைத்தும் தாளின் வலது மூலையில் ஒரு சேற்று விரல் பதிந்துவிட்டது. “வேற பிரதி எடுக்கலாங்களா சேர்?” என்று பதறினார். கறைபட்ட தாள் எதையும் அதுவரை நான் கோவையில் சேர்த்ததில்லை. வேண்டாம் என்றேன். இலக்கமிட்டு, திகதியிட்டு, அதை அப்படியே கோவையில் சேர்த்தேன்.